பிரதானி ஆவுடையப்பர் விழுந்த வருஷம்

சித்திரபானு வருஷம், வைகாசி 3

கிணற்றில் தூர் எடுத்தார்கள். வாசல் முழுக்கச் சேறு. அரண்மனைக்குக் கிளம்பும்போது வேட்டியில் பட்டுவிட்டது. மாற்றிக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சபை கூடிவிட்டது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை. ராயசம் என்பவன் மகாராஜா சொல்வதை ஓலையில் எழுதுகிறவன். அவன் வந்ததையும் போனதையும் யார் பார்க்கிறார்கள்?

மறுபடியும் வாரிசுப் பேச்சு. நம் செண்பகராய மகாராஜாவுக்கு இரண்டு ராணிகள் இருந்தும் பிள்ளை இல்லை. நாட்டியக்காரி ரத்தினமாலையிடம் ஒரு பையன் பிறந்து நாலு வயதாகிறது. அச்சு அசலாக மகாராஜாவின் மூக்கு. அவனுக்கே இளவரசுப் பட்டம் கட்ட வேண்டும் என்று மகாராஜா பிடிவாதமாக இருக்கிறார். ஆனால் இந்த மருதங்குடி அரசில் யாருக்குப் பட்டம் கட்டினாலும் வில்வவனத்து மடத்துச் சன்னிதானம் தன் கையால் திருநீறு இட்டால்தான் செல்லும். சன்னிதானம் முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார். படைத்தலைவரான தளவாய் ரணசிங்கர் எழுந்து சன்னிதானம் சொல்வதுதான் தர்மம் என்றார். தளவாய்க்கு மூன்று ஆண்பிள்ளைகள். ஒருவனைத் தத்துக் கொடுக்க அவர் எப்போதும் தயார்.

முதல் மந்திரியான பிரதானி ஆவுடையப்பர் வாயே திறக்கவில்லை. சபை கலைந்ததும் மகாராஜாவுக்குப் பின்னால் அவர் மட்டும் உள்ளே போனார்.

வைகாசி 5

பிரதானியைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

கடற்கரையில் சிப்பியை அடுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர் அவருடைய தகப்பனார். மடத்துக் கோபுரம் பழுது பார்த்தபோது ஆவுடையப்பர் தலையில் சுண்ணாம்புக் கூடையோடு மடத்துக்குள் வந்தவர். இப்போதிருக்கும் சன்னிதானம்தான் அவருக்குச் சோறு போட்டு எழுத்தும் கற்றுக்கொடுத்தார். பிறகு துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் வேலை பார்த்து நாலு பாஷை படித்தார். அரண்மனைப் பண்டகசாலையில் எடுபிடியாக நுழைந்தார். இன்று அவர் முத்திரை விழாமல் இந்த அரசில் ஒரு மூட்டை நெல் நகராது. முதுகுக்குப் பின்னால் கோட்டைக்காரர்கள் சுண்ணாம்புச் சூளையின் பெயரால் 'காளவாய்' என்று சொல்வார்கள். அது அவருக்கும் தெரியும்.

உப்பளக் கச்சேரியில் கிடந்த என்னை, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அரண்மனைக்குக் கொண்டுவந்தவர் அவர். இந்த வீடும் கிணறும் அவர் தயவு. இதை நான் ஒருநாளும் மறந்தவனில்லை. என் மகன் தில்லைவனத்துக்கு அவர் மகள் உலகம்மையைப் பேசி முடித்திருக்கிறோம். தை மாதம் கல்யாணம்.

வைகாசி 19

பிரதானி மடத்துக்குப் போனார். ஏடும் எழுத்தாணியுமாக நானும் கூடப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சபையில் அவரைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள்.

சன்னிதானத்துக்கு எண்பது வயதிருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிரதானி நின்றுகொண்டே சங்கதியைச் சொன்னார். வாரிசுக்குப் பட்டம் கட்டாமல் மகாராஜா போய்விட்டால் தளவாயின் வாளும் பங்காளிகளின் வாளும் தெருவுக்கு வரும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று விளக்கினார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சன்னிதானம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராஜாவுக்குப் புள்ள வேணும்னு நான் வேண்டிக்கிறேன். ராஜா காட்டற புள்ளைக்கெல்லாம் திருநீறு பூசணும்னா அதுக்கு நான் எதுக்கு ஆவுடையப்பா?"

"சாமி மறுத்தா இந்த மடத்துக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் ஆள் அனுப்பாம நானே வந்தேன்."

"நீயே வந்ததாலதான் என்ன ஆகும்னு எனக்கும் தெரிஞ்சுது" என்றார் சன்னிதானம். பிறகு, "சாப்பாட்டு வேளை. பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

வழிப்போக்கர்களோடும் பிச்சைக்காரர்களோடும் பந்தியில் உட்கார்ந்து பிரதானி சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. திரும்பும் வழியெல்லாம் பல்லக்கின் திரையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வைகாசி 20

கடைவாய்ப்பல் வலி. கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

ஆனி 7

மடம் அரசுக்குச் சேர்ந்தது.

உத்தரவை நான்தான் எழுதினேன். 'மடத்தின் நிலங்களும் களஞ்சியமும் இனி அரண்மனைப் பராமரிப்பில்' என்று பிரதானி சொன்னார். பறிமுதல் என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டார். சொற்களை அவர் பொறுக்கி எடுப்பதே ஓர் அழகு.

விடிந்ததும் போனோம். சன்னிதானத்தைப் பல்லக்கில் ஏற்றிக் கடற்கரைச் சத்திரத்துக்கு அனுப்பினார்கள். அவர் எதிர்க்கவில்லை. பூசைப் பெட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். அவர் இடத்தில் இளையவர் ஒருவர் உட்கார்ந்தார். அந்த இளையவரைப் பிரதானிதான் தேடிப் பிடித்திருந்தார்.

அன்னதானம் நிற்கக் கூடாது என்று பிரதானி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் களஞ்சியத்து நெல்லைத் தளவாயின் ஆட்கள் படைக்கென்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தடுக்கலாமா என்று நான் பிரதானியைப் பார்த்தேன். "இப்ப இல்ல. ஒரே நாள்ல ரெண்டு பேரைப் பகைச்சுக்க முடியாது" என்றார். மத்தியானம் பந்திக்கு வந்தவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

என் மனைவி தையல்நாயகியிடம் எதையும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆனி 15

மடத்து மாந்தோப்பில் கீழ்ப்பாதியை என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? கவனிப்பில்லாமல் விட்டால் மரங்கள் வீணாய்ப் போகும்.

கூடை நிறையப் பழம் வந்தது. தையல்நாயகி தொடவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். போன வருஷமெல்லாம் ஒத்துக்கொண்டது.

ஆடி 18

ஆடிப்பெருக்கு. ஆற்றில் புதுவெள்ளம். பையனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியாயிற்று. புதிய சன்னிதானம் கை நிறையத் திருநீறு அள்ளி இட்டார். பையன் தும்மினான். மகாராஜா சத்தம் போட்டுச் சிரித்தார். சபை முன்னால் பையனின் தலையில் கைவைத்து, "என் வாக்கு" என்றார். பிரதானிக்கு வெள்ளிப் பிடி போட்ட பல்லக்கும் முத்துப் பதக்கமும் கொடுத்தார். தளவாய்தான் முதலில் எழுந்து பிரதானியைத் தழுவிக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் பிரதானி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பல்லக்குத் தூக்கிகள் வாசலோடு நின்றார்கள், கூட வேறு யாரும் இல்லை. தையல்நாயகி சித்திரான்னம் செய்திருந்தாள். அவளை அவர் தங்கச்சி என்பார். தில்லைவனத்துக்கு அம்மை போட்டிருந்தபோது பிரதானியின் மனைவி வடிவுடையம்மாள்தான் எங்கள் வீட்டிலேயே தங்கி வேப்பிலை வீசினார். அந்த நாளிலிருந்து பழக்கம்.

அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "கனகசபை, இவரு மனசு எனக்குத் தெரியும். இன்னிக்குச் சிரிக்கிறாரு, நாளைக்கே மாறுவாரு. ராஜாவே மாறினாலும் நான் இந்தப் புள்ள பக்கம்தான் நிப்பேன்" என்றார்.

அவரே மேலும் சொன்னார்: "ஏன் தெரியுமா? அது அவரு வாயால குடுத்த வாக்கு. அதுக்காகச் சோறு போட்ட மடத்தையே பூட்டிட்டு வந்திருக்கேன். அவரு வாக்கை அவருகிட்டேருந்தே காப்பாத்திக் குடுக்கலேன்னா நான் எதுக்குப் பிரதானி?"

"இன்னும் கொஞ்சம் தயிர்ச்சோறு போடட்டுமாண்ணே?" என்று தையல்நாயகி கேட்டாள். போடச் சொன்னார். ஆனால் சாப்பிடவில்லை.

ஆவணி 26

தளவாயின் மகளை மகாராஜா மூன்றாவது ராணியாகக் கட்டிக்கொண்டார். பெண்ணுக்குப் பதினெட்டு வயது. எப்போது பார்த்தார், எப்போது பேசி முடித்தார் என்று பிரதானிக்கே தெரியாது. முகூர்த்த ஓலையை எழுத என்னைக் கூப்பிட்டபோதுதான் எனக்கும் தெரிந்தது.

பிரதானி கல்யாணத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று எல்லா வேலையும் பார்த்தார்.

புரட்டாசி 11

மழை. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது. சிவப்பி கன்று போட்டது, கிடாரி.

ஐப்பசி 14

புது ராணி முழுகாமல் இருக்கிறாராம். கோட்டையில் சர்க்கரை வழங்கினார்கள். சோதிடர்கள் எல்லாரும் ஆண் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள்.

பிரதானியும் சர்க்கரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன்.

கார்த்திகை 20

இப்போதெல்லாம் சபையில் பிரதானி பேசத் தொடங்கினால் மகாராஜா வெற்றிலைச் செல்லத்தைத் திறக்கிறார். தளவாய் பேசும்போது மூடிவைக்கிறார். இதைக் கவனிக்காதவர்கள் யாரும் இல்லை. முன்பெல்லாம் பிரதானியின் வீட்டு வாசலில் காலையில் நிற்க இடம் இருக்காது. இன்று ஒரு ஜவுளிக்காரனும் நானும்தான்.

ஒவ்வொரு நாளும் நானே போய் நிற்பது நன்றாயிருக்காது. வேலையும் கூடிவிட்டது. வாரம் ஒருமுறை போனால் போதும் என்று நினைக்கிறேன்.

மார்கழி 8

இன்று நடந்ததைத் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

மகாராஜா பிரதானியையும் தளவாயையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்தார். ரத்தினமாலையின் பையன் தன் பிள்ளை அல்ல, பட்டம் தவறாகக் கட்டப்பட்டது என்று ஒரு அறிக்கை எழுதி நாடெங்கும் வாசிக்க வேண்டும். பிரதானி தன் முத்திரையைப் போட வேண்டும். ராணிக்கு மகன் பிறக்கும்போது வழி சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

பிரதானி உடனே மறுக்கவில்லை. முதலில் குழந்தை பிறக்கட்டும் என்றார். பிறகு, பையனைப் பட்டத்திலிருந்து இறக்க வேறு நூறு வழி இருக்கிறது, மகன் இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம் என்றார். மகாராஜா எழுதத்தான் வேண்டும் என்றார்.

"சபை நடுவுல அந்தப் புள்ள தலையில கைவெச்சீங்க மகாராஜா. நாளைக்கு நீங்க கைவைக்கிற எந்தத் தலைக்கும் மதிப்பிருக்காது. நான் முத்திரை போடமாட்டேன்."

அவர் மகாராஜாவிடம் 'மாட்டேன்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வேண்டியதையெல்லாம் சாதித்துக் கொடுத்த மனிதர். இந்த ஒன்றில் ஏன் இப்படி முரண்டு பிடிக்க வேண்டும்? சிலர் தர்மம் என்பார்கள். எனக்கென்னவோ செருக்கென்று தோன்றியது. தான் கட்டியதைத் தன் கையால் இடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? மடம் வேறொருவர் கட்டியது.

மகாராஜா செல்லத்தைத் திறந்தார். தளவாய் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை 4

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. கல்யாண வேலைகளைத் தையல்நாயகி ஆரம்பித்துவிட்டாள். நான்தான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

மத்தியானம் தளவாய் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அவர் மிரட்டவில்லை. அப்படி யாரும் நினைக்கக் கூடாது. ஊஞ்சலில் பக்கத்தில் உட்காரவைத்து, தானே வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

"என்ன ராயசம், ஆடிப்பெருக்கன்னிக்கு உம்ம வீட்டுல பிரதானிக்கு விருந்தாமே. பல்லக்குத் தூக்கிங்க சொன்னானுங்க. என்ன பேசினாரு?"

சாதாரணமாகத்தான் பேசினார் என்றேன்.

"அந்தச் சாதாரணத்தைத்தான் சொல்லும்" என்றார்.

பிறகு தில்லைவனத்தைப் பற்றி விசாரித்தார். துறைமுகத்தில் அவனுக்கு நல்ல உத்தியோகம் இருக்கிறது என்றார். விழப்போகிற வீட்டில் சம்பந்தம் செய்தால் கூரை யார் தலையில் விழும் என்றும் கேட்டார். அன்பாகத்தான் கேட்டார்.

தை 6

மகாராஜா கேட்டார். சொன்னேன். 'ராஜாவே மாறினாலும் நான் இந்தப் பிள்ளை பக்கம்தான் நிற்பேன்.' ஆவுடையப்பர் இப்படித்தான் சொன்னார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அரசரிடம் பொய் சொல்ல முடியுமா? உண்மையை மறைப்பதும் குற்றம்தானே?

பல்வலி மறுபடியும்.

தை 9

பட்டப்பகலில், நிறைந்த சபையில், பிரதானியைப் பிடித்தார்கள்.

அவர் வழக்கம்போல வந்து தன் இடத்தில் உட்காரப் போனார். தளவாய் எழுந்து, ராஜத்துரோகிக்கு இங்கே ஆசனம் இல்லை என்றார். பிரதானி மகாராஜாவின் ஆசனத்தைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காவல்காரன் ஒருவன் கழுத்திலிருந்த முத்துப் பதக்கத்தைப் பிடித்து இழுத்தான்.

"மெதுவாப்பா. அரமனைச் சொத்து, அறுந்துடப் போவுது" என்று சொல்லித் தானே கழற்றிக் கொடுத்தார்.

நேற்றுவரை அவர் காலைத் தொட்டவர்கள் 'காளவாய், காளவாய்' என்று கூவினார்கள். நான் கூவவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதுதான் என் வேலை.

வீட்டுக்கு வந்தேன். தையல்நாயகி கைகால் கழுவத் தண்ணீர் கொண்டுவரவில்லை. கூடத்தில் நின்றிருந்தாள். ஊரெல்லாம் அந்த வாசகத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறதாம்.

"அண்ணன் சொன்னதுல பாதிதானே ஊருக்குள்ள வந்திருக்கு. மிச்சத்தையும் சொன்னீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன். மகாராஜா எதைக் கேட்டாரோ அதற்குத்தான் ராயசம் பதில் சொல்ல முடியும். இதை அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு அரண்மனை நடைமுறை புரியாது.

தை 15

கல்யாணத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். பெண் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சோதிடர் இப்போது சொல்கிறார்.

ரத்தினமாலையையும் பையனையும் ஒரு படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்பது என் வேலை இல்லை.

மாசி 2

பிரதானியைப் பழைய யானைக்கொட்டாரத்தில் வைத்திருக்கிறார்கள். மகாராஜாவுக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்று ராயசத்தைக் கேட்டிருந்தார். வேறு யாராவது போகட்டும் என்றுதான் நான் சொன்னேன். தளவாய் என்னையே போகச் சொன்னார். அதில் அவருக்கு ஏதோ வேடிக்கை.

தாடி நரைத்து வளர்ந்திருந்தது. கையில் விலங்கு. என்னைக் கண்டதும் உட்காரச் சொன்னார். எழுத்தாணி கூராக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு அலுவலில் இருப்பது போலவே சொல்லத் தொடங்கினார். நானும் எழுதினேன். 'அடியேன் செய்த குற்றத்தை' என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"குற்றம்னு போடாதே. குறைன்னு போடு. குற்றம்னா ராஜா மன்னிக்கணும். அது அவருக்குச் சிரமம். குறைன்னா மறந்துட்டாப் போதும்."

மாற்றினேன். எழுதி முடித்துக் கட்டும்போது, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அன்னிக்கு நாம மூணு பேர்தான் இருந்தோம், கனகசபை. தங்கச்சி சொல்லியிருக்காது."

நான் ஓலையின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். முடிச்சு சரியாக விழவில்லை.

"விடு. உன் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேனோ என்னவோ. சன்னிதானத்துக்கு நான் செய்யாததா?" என்றார். "உலகம்மைக்கு மட்டும் நாள் தள்ளிப்போகக் கூடாது. பாத்துக்கோ."

ஆகட்டும் ஐயா என்றேன். அந்த நிலையில் இருக்கிற ஒருவரிடம் வேறு என்ன சொல்வது?

மாசி 4

விண்ணப்பத்தை மகாராஜாவிடம் வாசித்தேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். கண்ணில் நீர் நின்றது. "என்ன அழகா எழுதியிருக்கான் பாரு" என்றார். மன்னித்துவிட்டால் அவர் வெளியே வருவார். அவருக்காகச் சந்தோஷப்படத்தான் வேண்டும்.

மகாராஜா எண்ணெய்க் குளியலுக்கு எழுந்தார். போகிற போக்கில், தளவாய் சொன்னபடியே ஆகட்டும் என்றார்.

மாசி 11

முடிந்தது. தெற்கு வாசல் பொட்டலில். நான் போகவில்லை, முகமெல்லாம் வீங்கியிருந்தது.

பார்த்தவர்கள் சொன்னார்கள். நடந்தே வந்தாராம். கூட்டத்தில் மடத்துப் பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் அதிகமாம். அவர்கள்தான் மண்ணை வாரி எறிந்தார்களாம். அவர் துடைத்துக்கொள்ளவில்லையாம். வெட்டுகிறவனுக்குக் கை பழக்கமில்லை, ஒரே வீச்சில் முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் போதும் என்றேன்.

கடற்கரைச் சத்திரத்தில் பழைய சன்னிதானம் சேதி கேட்டு அன்று சாப்பிடவில்லையாம். பெற்ற பிள்ளை போனதுபோலக் கடலில் முழுகிவிட்டு வந்தாராம்.

மாசி 12

தையல்நாயகி தாயார் ஊருக்குப் போயிருக்கிறாள். காற்று மாறினால் உடம்புக்கு நல்லது. அவள் தாயார் காலமாகி வெகுகாலம் ஆனாலும் ஊர் ஊர்தானே. தில்லைவனம்தான் வண்டி கட்டிக் கூட்டிப்போனான். நகைகளை எல்லாம் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறதி.

பங்குனி 1

மகாராஜா என்னைப் பிரதானி ஆக்கியிருக்கிறார். மாந்தோப்பின் மேல்பாதியும் வந்தது. வெள்ளிப் பிடி போட்ட பல்லக்கு எனக்குக் கொஞ்சம் நீளம். அவர் உயரமானவர். காலை நீட்டி உட்கார்ந்தாலும் முன்பலகையை எட்டவில்லை.

பங்குனி 17

தில்லைவனம் இன்னும் வரவில்லை. துறைமுக உத்தியோகத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

சுபானு வருஷம், சித்திரை 1

வேப்பம்பூப் பச்சடியை நானே செய்துகொண்டேன். சரியாக வரவில்லை.

வைகாசி 22

ராணிக்குப் பிரசவம். பெண்.

வைகாசி 25

மகாராஜா மூன்று நாளாக வெளியே வரவில்லை. இன்று சபைக்கு வந்தார். சோதிடர்களை விரட்டியாயிற்று. ரத்தினமாலையின் பையனைக் கொண்டுவரச் சொன்னார். யாரும் இடத்தைவிட்டு எழவில்லை. எங்கே என்றார். தளவாய் தரையைப் பார்த்தார். படகோட்டியைக் கேட்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். படகோட்டியையும் காணவில்லை என்று இன்னொருவர் சொன்னார்.

மகாராஜா எழுந்து நின்றார். "எங்கிட்ட ஒரே ஒரு மனுஷன் இருந்தான். நான் தப்புப் பண்ணப் போறப்ப வேணாம்னு சொன்ன ஒரே ஆளு. நீங்கள்லாம் சேந்து என்னைக்கொண்டே அவனைக் கொல்ல வெச்சீங்க" என்றார்.

தளவாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகாராஜா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அவன் சொன்னது அவ்வளவுதானா? அதுக்கு மேல ஒண்ணுமே சொல்லலியா?" என்றார்.

எனக்கு நினைவில் இருப்பது அவ்வளவுதான் என்றேன்.

மகாராஜா பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு, ஆவுடையப்பர் குடும்பத்துக்கு மானியமாக நிலம் எழுதச் சொன்னார். அந்த அம்மாள் பழையபடி கோட்டைக்கு வந்து இருக்க வேண்டும், நானே நேரில் போய் அழைத்துவர வேண்டும் என்று உத்தரவு.

ஆனி 3

போய்வந்தேன்.

வடிவுடையம்மாள் கடற்கரையில் கணவர் வழிச் சொந்தங்களோடு இருக்கிறார். காளவாய்ப் புகை தூரத்திலேயே தெரிந்தது. மணலில் பல்லக்குத் தூக்கிகளின் கால் புதைந்ததால் இறங்கி நடந்தேன். வழியில் யோசித்துக்கொண்டே போனேன். நின்றுபோன சம்பந்தத்தை மறுபடி பேசலாம். தோஷத்துக்குப் பரிகாரம் இல்லாமலா போகும்? ஆவுடையப்பரின் மகள் என் வீட்டு மருமகள் என்றால் மகாராஜாவுக்கும் மனம் குளிரும். அவர் கேட்டுக்கொண்டதை நிறைவேற்றியதாகவும் இருக்கும்.

ஓலைக் குடிசை. முற்றத்தில் உலகம்மை சிப்பி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. காளவாய்ப் பக்கம் ஒருவன் முதுகைக் காட்டியபடி கூடை சுமந்து போனான். நடை தெரிந்த நடையாக இருந்தது. வெயிலில் கண் கூசியதால் முகம் சரியாகத் தெரியவில்லை.

வாசலுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு. ஆள் இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள். என்னை உச்சிமுதல் பாதம்வரை பார்த்தாள். என் மனைவியின் முகம் எனக்குத் தெரியாதா? தையல்நாயகி என்று கூப்பிட வாயெடுத்தேன்.

அதற்குள் அவள் உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அக்கா, அரமனையிலேருந்து யாரோ வந்திருக்காங்க."

உள்ளேயிருந்து வடிவுடையம்மாள் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "வெயில்ல வந்திருப்பாங்க. தண்ணி குடுத்து அனுப்பு."

தையல்நாயகி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் தராமல், வாசற்படியில் வைத்தாள். உள்ளே போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். மானிய ஓலை என் கையிலேயே இருந்தது. செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். காற்றில் பறந்துவிட்டால் என்ன செய்வது என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தண்ணீரும் குடிக்கவில்லை.

அம்மாள் மானியத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டார், உடம்பு சரியில்லாததால் கோட்டைக்கு வர இயலவில்லை என்று மகாராஜாவிடம் சொன்னேன். மகாராஜாவுக்கு மிகவும் சந்தோஷம்.